‘ஜிஞ்சர்’ என்ற சொல்லின் வாலில் இருப்பது நம் வேர்தானா?

கொற்கைக்காரன் | பிப்ரவரி 3, மாலை 6.10

ஃபின்லாந்தில் இஞ்சிக்குப் பெயர் ‘இங்கிவேரி’. ஜெர்மனியில் ‘இங்வெர்’. ஸ்வீடனில் ‘இங்கெஃபேரா’. ‘இஞ்சிவேர்’ என்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது காதுள்ள எவருக்கும் கேட்கும். ஆனால் ஆங்கில அகராதிகளோ ‘ஜிஞ்சர்’ சமஸ்கிருதத்தின் ‘கொம்பு’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்கின்றன. தமிழை மறைக்க இப்படி எழுதுகிறார்களா, இல்லை உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா?

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 3, இரவு 9.45

நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் சரி. போன வழி சரியில்லை. ‘இங்கிவேரி’யை வைத்துத் தமிழை நிறுவவே முடியாது.

ஃபின்னியச் சொல் ஸ்வீடிஷிலிருந்து வந்தது. கடன் வாங்கிய சொல்லின் கடைசியில் ஓர் இகரத்தை ஒட்டுவது ஃபின்னிய வழக்கம். வங்கி ‘பாங்க்கி’, அஞ்சல் ‘போஸ்ட்டி’, ஹோட்டல் ‘ஹோட்டெல்லி’. அந்த ‘வேரி’யின் இகரமும் அப்படி ஒட்டியதே. ஸ்வீடிஷ் சொல் வட ஜெர்மன் வணிகர்கள் வழியே போனது. ஜெர்மனிலோ இன்றைய ‘இங்வெர்’ இடைக்காலத்தில் ‘இங்கெவெர்’. அதற்கும் முந்தைய பழைய ஜெர்மனில் ‘கிங்கிபெரோ’. அதாவது சொல்லின் முதலில் ஒரு மெய் இருந்தது. லத்தீனிலிருந்து ஜெர்மனுக்குள் வரும்போதும் இருந்தது. அங்கே வந்த பிறகுதான் உதிர்ந்தது.

ஆக, தமிழ் ‘இஞ்சி’யின் முதலில் மெய் இல்லாததும் ஜெர்மன் ‘இங்வெர்’ முதலில் மெய் இல்லாததும் இரண்டு தனித்தனி விபத்துகள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இடத்தில்தான் சொல்லாய்வில் அதிகம் கால் வழுக்கும்.

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 4, காலை 7.20

முறையாகப் போக வேண்டுமென்றால் ஆங்கிலத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்விகள். இந்த வடிவம் எந்த நூற்றாண்டு எழுத்தில் கிடைக்கிறது? ஒலி மாறியிருந்தால், அதே மொழியில் அதே மாற்றத்துக்கு ஆளான வேறு சொற்கள் உண்டா? அந்தச் சரக்கு அந்தக் காலத்தில் அந்த வழியே போனதா? மூன்றில் ஒன்று விடுபட்டாலும் படி ஆடும். இரண்டாவது கேள்வியைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். துணைக்கு வேறு சொல் இல்லாத ஒலிமாற்றம் ஆதாரம் ஆகாது. அது வெறும் விருப்பம்.

இப்போது படிகள்.

இன்றைய ‘ஜிஞ்சர்’ இடைக்கால ஆங்கிலத்தில் ‘ஜிஞ்ஜிவெரெ’. நடுவில் இருந்த வகரம் போய்விட்டது. துணை உண்டா? நிறைய. தலை என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் ‘ஹேயவொட்’, இன்று ‘ஹெட்’. ‘ஹ்லாவொர்ட்’ இன்று ‘லார்ட்’. வல்லூறுக்கு ‘ஹவொக்’, இன்று ‘ஹாக்’. உயிர்களுக்கு நடுவே வந்த வகரம் கரைவது ஆங்கிலத்தில் நன்கு தெரிந்த ஒலிமாற்றம்.

அதற்கு மேலே பழைய ஆங்கில மருத்துவ ஏடுகளில் ‘ஜிஞ்ஜிவெர்’ கிடைக்கிறது. எழுத்தில் ஃப போட்டிருப்பார்கள். உயிர்களுக்கு நடுவே வந்தால் அதை வகரமாகத்தான் ஒலித்தார்கள். இது லத்தீனிலிருந்து நேராக வந்த கடன். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்களின் பிரெஞ்சுச் சொல் ‘ஜிஞ்ஜிவ்ர்’ தனியாக வந்து இதனோடு கலந்தது. ஒரே லத்தீன் சொல் இரண்டு வாசல் வழியாக ஒரே வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. ஜெர்மனில் உதிர்ந்த முதல் மெய் ஆங்கிலத்தில் உறுதியாக நின்றதற்கு இந்தப் பிரெஞ்சு ஜகரம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

பிரெஞ்சில் வகரம், லத்தீனில் பகரம். துணை: குதிரை ‘கபல்லுஸ்’ பிரெஞ்சில் ‘ஷெவல்’. மொச்சை போன்ற ஒரு பயறு ‘ஃபாபா’ பிரெஞ்சில் ‘ஃபேவ்’. இன்றைய பிரெஞ்சு ‘ஜான்ஜாம்ப்ர்’ என்பதில் ஒரு மகரம் புதிதாக முளைத்திருக்கிறது. முன்னால் இருந்த மூக்கொலி பின்னால் பகரத்துக்கும் பரவியதன் விளைவு அது. அதை வேரில் தேடி யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிற்கால லத்தீனில் ‘ஜிங்கிபெர்’, முற்கால லத்தீனில் ‘ஸிங்கிபெரி’. இங்கே ஸ என்று எழுதுவது ஆங்கில z போல அதிரும் ஒலி. அது எப்படி ஜ ஆனது? ‘ஸெலோஸுஸ்’ என்ற லத்தீன் சொல் ஆங்கிலத்தில் ‘ஜெலஸ்’ ஆனதைப் பாருங்கள். அதே கதை.

முற்கால லத்தீன் சொல் கிரேக்க ‘ஸிங்கிபெரிஸ்’ என்பதன் நகல். கிரேக்கத்துக்கு மேலே, பழைய இந்திய மொழிகளான பாலி, பிராகிருதத்தின் ‘சிங்கிவேர’. இதுவரை எந்த அறிஞருக்கும் சண்டை இல்லை. சண்டை இதற்கும் மேலே.

கொற்கைக்காரன் | பிப்ரவரி 4, காலை 8.05

அப்படியானால் ‘வேர்’ எங்கே போயிற்று?

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 4, காலை 8.30

வாலைப் பாருங்கள். வேர், வேர, பெரிஸ், பெர், வ்ர், வெர், கடைசியில் அர். ‘ஜிஞ்சர்’ என்பதன் ‘அர்’தான் வேரின் மிச்சம். லண்டன் பக்கத்து உச்சரிப்பில் கடைசி ரகரமும் ஒலிக்காது. அங்கே வேரில் எஞ்சியது ஒரு தேய்ந்த அகரம் மட்டும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அந்த ரகரம் மறுபடி எட்டிப்பார்க்கும்.

மாத்தளை வாசகர் | பிப்ரவரி 4, இரவு 8.15

எங்கட பக்கம் சிங்களத்தில் ‘இங்குரு’ என்கிறார்கள். அதிலும் முதல் மெய் இல்லை. அது தமிழிலிருந்து போனதென்று எடுக்கலாமோ?

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 5, காலை 6.50

எடுக்க வேண்டாம். சிங்களத்துக்கு அதன் சொந்த வழி இருக்கிறது. பழைய ஸகரம் சிங்களத்தில் ஹகரமாகும், பல சொற்களில் அந்த ஹகரமும் போய்விடும். தலைக்கு சமஸ்கிருதத்தில் ‘சீர்ஷ’. சிங்களத்தில் ‘ஹிஸ’ என்றும் ‘இஸ’ என்றும் இரண்டு வடிவமும் உயிரோடு இருக்கின்றன. சூரியன் ‘ஹிரு’. ஆக ‘சிங்கிவேர’ என்பதே ‘ஹிங்குரு’ ஆகி ‘இங்குரு’ ஆகியிருக்க முடியும். நடுவில் ‘ஞ்ச’ இல்லாமல் ‘ங்க’ இருப்பதைக் கவனியுங்கள். தமிழ் ‘இஞ்சி’யிலிருந்து போயிருந்தால் அந்த ‘ங்க’வை விளக்க முடியாது.

மாத்தளை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பௌத்தர்களின் புனித நூல் தொகுப்பான பாலித் திரிபிடகம் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்டது உங்கள் ஊருக்கு அருகே உள்ள அளுவிகாரையில், கி.மு. முதல் நூற்றாண்டில் என்பது மரபு. அந்தத் தொகுப்பில் பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயப் பகுதியில், பிக்குகள் மருந்தாக வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட மூலிகை வேர்களின் பட்டியல் வருகிறது. ஹலித்தி, சிங்கிவேர, வச, அதிவிஸ, கடுகரோஹிணி, உசீர, பத்தமுத்தக. மஞ்சள், இஞ்சி, வசம்பு, அதிவிடயம், கடுகுரோகிணி, வெட்டிவேர், கோரைக்கிழங்கு. இதே சீட்டை இன்றைக்கு நாட்டுமருந்துக் கடையில் நீட்டினால் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ‘சிங்கிவேர’ என்ற பெயர் வேர்களின் பட்டியலில், வேர் என்ற தகுதியில் வருகிறது என்பதுதான் நமக்குத் தேவையான செய்தி.

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 5, இரவு 10.10

கொம்புக் கதைக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேர’ என்ற சொல் இருக்கிறது. ‘சிருங்க’ என்றால் கொம்பு, ‘வேர’ என்றால் உடல், கொம்பு போன்ற உடல் கொண்டது இஞ்சி என்று விளக்கம். இஞ்சியின் விரல்களைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் தெரியும். மக்கள் சொற்பிறப்பு எப்போதும் பொருத்தமாகத்தான் தெரியும். தெரியாத சொல்லைத் தெரிந்த துண்டுகளாக வெட்டிப் பொருள் சொல்வதுதானே அதன் வேலை.

எங்கே உடைகிறது? இரண்டாவது அசையில். ‘சிருங்க’ பிராகிருதத்தில் ‘சிங்க’ ஆகும். அப்படியானால் ‘சிங்கவேர’ வர வேண்டும். ஆனால் பாலியில் இருப்பது சிங்கிவேர. கிரேக்கத்திலும் ஸிங்கிபெரிஸ், லத்தீனிலும் ஸிங்கிபெரி. மூன்று இடத்திலும் இகரம் பிடிவாதமாக நிற்கிறது. கொம்பில் இந்த இகரத்துக்கு இடமில்லை. பிராகிருதச் சொல்லுக்குப் பிறகு சமஸ்கிருத உடை மாட்டிவிட்டார்கள் என்று கொண்டால் எல்லாம் சீராகிறது. அடுத்தது, ‘உடல்’ என்ற பொருளில் ‘வேர’ சமஸ்கிருத இலக்கியத்தில் சகஜமாகப் புழங்கும் சொல் அல்ல. ‘வேர்’ நம் மொழியில் தினசரிச் சொல். சமஸ்கிருதம் இயல்பாகவே இஞ்சியைச் சொல்லும்போது ‘ஆர்த்ரக’ என்கிறது, ஈரமானது என்று பொருள். இந்தி ‘அத்ரக்’ அதிலிருந்து வந்தது. காய்ந்தது ‘சுண்டி’, இந்தியில் ‘ஸோண்ட்’.

எனவே கொற்கைக்காரன் கேட்டதற்கு: மறைக்க எழுதியதல்ல, பழைய அகராதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. இப்போதைய நல்ல அகராதிகள் திராவிட மூலத்தையும் குறிப்பிடுகின்றன. ஆனால் அங்கும் ஒரு பிழை சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘இஞ்சி’ என்றால் திராவிடத்தில் வேர் என்று பொருள் என எழுதுகிறார்கள். வேர் என்பது இரண்டாம் பாதி. முதல் பாதி செடியின் பெயர். இதை நகலெடுத்துப் போடுபவர்கள் தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒரு நிமிடம் கேட்டிருந்தால் போதும்.

தெலுங்கு மருமகள் | பிப்ரவரி 6, மதியம் 1.30

ஒரு சந்தேகம். திராவிடச் சொல் என்றால் தெலுங்கில் ஏன் ‘அல்லம்’? கன்னடத்தில் ஏன் ‘ஷுண்டி’? அதோடு ‘சிங்கிவேர’ என்பதன் சகரம் தமிழில் எங்கே?

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 6, இரவு 9.00

இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கனமானது இது. இரண்டாவதை முதலில் எடுக்கிறேன்.

சொல்லின் முதலில் நின்ற பழைய சகரம் தமிழில் உதிர்ந்திருக்கிறது, நடுத் திராவிட மொழிகளில் தங்கியிருக்கிறது. ‘ஆறு’ என்ற எண் கோண்டியில் ‘சாருங்’. கொடு என்ற பொருள் தரும் ‘ஈ’ கோண்டியில் ‘சீ’. ‘உப்பு’ கோண்டியில் ‘சோவர்’. திராவிட மொழியறிஞர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ச என்பது ஸ ஆகி, ஹ ஆகி, மறைந்தது என்பது அவர் காட்டும் வரிசை. எல்லாச் சொல்லிலும் நடக்கவில்லை, ஆனால் துணைக்குச் சொற்கள் போதுமான அளவு இருக்கின்றன. அந்த வரிசையில் ‘இஞ்சி’யையும் சேர்த்தால் அதன் பழைய வடிவம் ‘சிங்கி’ போல ஒன்று. வேரோடு சேர்ந்து ‘சிங்கிவேர்’. பாலிச் சொல் அப்படியே வந்து உட்காருகிறது, கொம்பால் விளக்க முடியாத அந்த இகரம் உட்பட.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. நம் பழைய எழுத்துச் சான்றுகளிலேயே சகரம் கிடையாது. மதுரைக்காஞ்சியில் ‘இஞ்சி மஞ்சட் பைங்கறி’ என்றே வருகிறது. எனவே வடக்கே கடன் போனது சகரம் உதிர்வதற்கு முன்னால், அல்லது சகரத்தை இன்னும் வைத்திருந்த ஒரு சகோதர மொழியிலிருந்து. இதனால்தான் ‘ஜிஞ்சர் தமிழிலிருந்து வந்தது’ என்று எழுதாமல் ‘தமிழ் இஞ்சிக்கும் ஆங்கில ஜிஞ்சருக்கும் ஒரே தாய்’ என்று எழுதுவேன். பெருமை ஒன்றும் குறையாது, துல்லியம் கூடும்.

முதல் கேள்வி. சொல் தமிழ், மலையாள வட்டத்தில் மட்டும் இருப்பது உண்மை. ஆனால் எல்லாத் திராவிட மொழியிலும் இருந்தால்தான் திராவிடச் சொல் என்றில்லை. இஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைச் சரிவில் விளைந்து கடற்கரைச் சந்தைக்கு இறங்கிய சரக்கு. விளைகிற இடத்துப் பெயரே கப்பலேறும். கன்னடத்தின் ‘ஷுண்டி’ மேலே சொன்ன சமஸ்கிருத ‘சுண்டி’தான்.

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 7, காலை 6.40

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. இந்தச் சங்கிலியில் மெலிந்த கண்ணி எது என்று கேட்டால் சகரம் அல்ல, நடுவில் உள்ள ‘ங்கி’ ‘ஞ்சி’ ஆனதுதான். இகர எகரத்துக்கு முன் ககரம் சகரமாவது தமிழின் இயல்பு. கன்னடத்தில் ‘கிவி’, நமக்குச் ‘செவி’. அங்கே ‘கெசறு’, இங்கே ‘சேறு’. ஆனால் இவையெல்லாம் சொல்லின் முதலில் நடந்தவை. சொல்லின் நடுவில், மெல்லினத்துக்குப் பின்னால் நடந்ததற்கு இந்த அளவு வலுவான வரிசை காட்டுவது கடினம். திராவிட மூலத்தை எதிர்ப்பவர் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை.

நாகூர் நாவலன் | பிப்ரவரி 7, மாலை 5.55

குர்ஆனில் 76-ஆம் அத்தியாயம், 17-ஆம் வசனத்தில் ‘ஸன்ஜபீல்’ கலந்த பானம் சொல்லப்படுகிறது. அதுவும் இதே சொல்லா? ஸான்ஸிபார் தீவின் பெயரும் இஞ்சியிலிருந்து வந்தது என்று ஓர் உரையில் கேட்டேன்.

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 7, இரவு 9.30

முதலாவது ஆம். ‘ஸன்ஜபீல்’, அரமேய ‘ஸங்கபீல்’, ஹீப்ரு ‘ஸங்வீல்’, துருக்கி ‘ஸென்ஜெஃபில்’ எல்லாம் ஒரே குடும்பம். கடைசி ரகரம் லகரமாகியிருக்கிறது. அதாவது வேர் அங்கே ‘பீல்’ ஆகிவிட்டது.

இரண்டாவது இல்லை. ஸான்ஸிபார் பாரசீகத்திலிருந்து வந்தது. கறுப்பின மக்களைக் குறித்த ‘ஸங்கி’யும் கரையைக் குறித்த ‘பார்’ என்பதும் சேர்ந்தது. மலபாரில் உள்ள ‘பார்’ அதுவே. ஒலி ஒத்துப்போகிறது, பொருளுக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை.

இந்த மேற்காசிய வடிவங்கள் நமக்கு ஒரு முடிச்சை அவிழ்க்கவும் உதவும். பாலியில் ச, கிரேக்கத்தில் அதிரும் ஸ. கிரேக்கர் இந்தியரிடம் நேரே கேட்டிருந்தால் ‘சிங்கிபெரிஸ்’ என்று எழுத ஒரு தடையும் இல்லை, அவர்களிடம் அந்த எழுத்து இருந்தது. அரமேயத்திலும் அரபியிலும் அதே அதிரும் ஸகரம் இருப்பதால், நடுவில் நின்ற தரகர் வாயிலிருந்து கேட்டு எழுதினார்கள் என்று கொள்வது பொருந்தும்.

சரக்கு போன வழியும் அதையே சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் டியோஸ்கோரிடீஸும் அதே காலத்து ரோமானிய எழுத்தாளர் பிளினியும் இஞ்சி அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைகிறது என்றே எழுதினார்கள். கைமாறிய இடத்தை விளைந்த இடமாக எண்ணிவிட்டார்கள். பிளினி தரும் விலை ஒரு ராத்தலுக்கு 6 டெனாரியஸ், அதாவது 6 ரோமானிய வெள்ளிக்காசு. அவர் பட்டியலில் திப்பிலி 15, வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. இஞ்சி மிளகுச் செடியின் வேர் என்று சிலர் நம்பியதை அவர் மறுக்கிறார், சீக்கிரம் அழுகிவிடும் என்றும் சொல்கிறார். டியோஸ்கோரிடீஸ் புழு அரிக்காததாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார். அழுகாமல் இருக்க ஊறுகாயாக்கி மண்ஜாடியில் இத்தாலிக்கு அனுப்புவதையும் குறிப்பிடுகிறார். ஜாடியோடு பெயரும் போயிற்று.

சிங்கை வாசகி | பிப்ரவரி 8, காலை 9.15

இங்கே இஞ்சித் தேநீருக்கு ‘தே ஹாலியா’. மலாய்ச் சொல் ஏன் இந்தக் குடும்பத்தில் சேரவில்லை?

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 8, இரவு 8.40

சேர வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. இஞ்சி காட்டில் தானாக வளர்ந்து கிடைக்காத பயிர். மனிதர் நட்டே பரவியது. அதன் தொடக்கத்தைத் தென்கிழக்கு ஆசியத் தீவுப் பக்கம்தான் தேடுகிறார்கள். அங்கே அதற்குச் சொந்தப் பெயர் முன்பே இருந்தது, ‘ஹாலியா’ அந்த வரிசை. செடியின் ஊரும் சொல்லின் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்கு யார் விற்றார்களோ அவர்கள் பெயர் ஐரோப்பாவில் நின்றது.

1952-இல் ஏ. எஸ். சி. ராஸ் என்ற ஆங்கிலேய மொழியறிஞர் இந்த ஒரு சொல்லின் பயணத்துக்காகவே தனி நூல் எழுதினார். செடிக்கு இன்றைய அறிவியல் பெயரை 1807-இல் ராஸ்கோ என்ற தாவரவியலர் கொடுத்தபோது ‘ஸிஞ்சிபெர் அஃபிசினாலே’ என்றார். அந்தப் பெயரில் வேரின் பகரம் தேயாமல் இருக்கிறது.

கொற்கைக்காரன் | பிப்ரவரி 9, மாலை 7.00

ஆங்கிலத்தில் ‘வேர்’ தேயாமல் நிற்கும் சொல் வேறு ஏதும் உண்டா?

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 9, மாலை 7.25

‘வெட்டிவர்’. வாசனைத் திரவியக்காரர்கள் தினமும் சொல்லும் சொல். தமிழ் ‘வெட்டிவேர்’ பிரெஞ்சு வழியே போனது. நடுவில் பாலி இல்லை, கிரேக்கம் இல்லை, லத்தீன் இல்லை, அதனால் வகரமும் ரகரமும் அப்படியே. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒரே வேர், ஒன்று இரண்டாயிரம் ஆண்டு கைமாறித் தேய்ந்தது, இன்னொன்று ஒரே தாவலில் போனது. மேலே சொன்ன பிக்குகளின் பட்டியலிலும் இவை இரண்டும் ஒன்றாகவே இருந்தன, ஆனால் வெட்டிவேருக்கு அங்கே வடமொழிப் பெயர்.

தெலுங்கு மருமகள் | பிப்ரவரி 10, காலை 10.20

‘ஜிஞ்சர்பிரெட்’ ரொட்டியா, இல்லையா? ‘ஜிஞ்சர்லி’ என்றால் மெதுவாக என்கிறார்கள். காரமான இஞ்சிக்கும் மெதுவுக்கும் என்ன சம்பந்தம்?

அகராதிப்பித்தன் | பிப்ரவரி 10, இரவு 9.50

‘ஜிஞ்சர்பிரெட்’ முதலில் ரொட்டி அல்ல. பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்ஜெம்ப்ராஸ்’ என்றால் பதப்படுத்திய இஞ்சி, நம் இஞ்சிமுரப்பா மாதிரி. அந்த ‘ப்ராஸ்’ ஆங்கிலக் காதில் ‘பிரெட்’ என்று விழுந்தது. பெயரில் ரொட்டி வந்தபின் பண்டத்திலும் ரொட்டி வந்துவிட்டது. சுமார் 1430-ஐச் சேர்ந்த ஓர் ஆங்கிலச் சமையல் கையேட்டில் செய்முறை இருக்கிறது. தேனைக் காய்ச்சி நுரையெடுத்து, குங்குமப்பூ, மிளகுத்தூள் போட்டு, துருவிய ரொட்டியைக் கொட்டி வில்லை போட வரும்வரை இறுக்கி, மேலே பட்டைத்தூள் தூவி, கிராம்பு குத்த வேண்டும். அந்தக் குறிப்பில் இஞ்சி என்ற சொல் தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது. கொம்புக் கதை போலவே இங்கும் நடந்தது மக்கள் சொற்பிறப்புதான். ஒரு வித்தியாசம், இங்கே அது அடுப்படி வரை போய்ப் பண்டத்தையே மாற்றிவிட்டது.

‘ஜிஞ்சர்லி’ வேறு குடும்பம். நேர்த்தியான, மென்மையான என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் சிறு சிறு அடி வைத்து நளினமாக ஆடுவதைச் சொல்லப் பயன்பட்டது. இஞ்சியோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை.